நூல் பிடித்து அடிப்பது: கேரம் பழக வருகிறவர்களுக்கு

அக்கா மகள் லீவுக்கு வந்த முதல் நாளே என் பழைய கேரம் போர்டைக் கட்டிலுக்குப் பின்னாலிருந்து இழுத்துப் போட்டுவிட்டாள். நான் தையல் மெஷினை விட்டு எழுந்து வருவதற்குள் அரை டப்பா பவுடர் போர்டின் நடுவில் குவிந்திருந்தது.

"பரோட்டாவுக்கு மாவு பிசையப் போறியாடி?"

"நிறைய போட்டாத்தான் சித்தி காய் ஓடும்."

கேரம் பழகுகிற எல்லோரும் இங்கேதான் ஆரம்பிக்கிறார்கள், நானும் இப்படித்தான் ஆரம்பித்தேன். பவுடர் கூடிப்போனால் காய் உங்கள் பேச்சைக் கேட்காது. மெதுவாகத் தட்டினாலும் நிற்காமல் போகும், வழியில் திட்டாகக் கிடக்கும் பவுடரில் முட்டி வளையும். ஒரு சிட்டிகை போதும். அதைப் பழைய காட்டன் துணியில் தொட்டுப் போர்டு முழுக்கத் தேய்த்துவிட்டு, துணியின் மறுபக்கத்தால் ஒருமுறை துடைத்துவிடுங்கள். கையால் தடவினால் வழவழப்பு தெரிய வேண்டும், கண்ணுக்கு வெள்ளையாகத் தெரியக் கூடாது. அவ்வளவுதான்.

போரிக் பவுடர்தான் சரி. முகத்துக்குப் போடுகிற பவுடர் வாசனையாக இருக்கும், ஆனால் கை வியர்வையோடு சேர்ந்து அப்பிக்கொள்ளும். அரிசி மாவு போட்டு ஆடிய வீடுகளும் உண்டு, மறுநாள் எறும்புகள் ஆட்டம் போடும். ஒன்று ஞாபகம் இருக்கட்டும்: கரப்பான் பூச்சிக்கு வைக்கிறார்களே, அதே போரிக்தான் இது. ஆடிக்கொண்டே முறுக்கு தின்கிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், முடிந்ததும் கையைக் கழுவுங்கள்.

நான் ப்ளவுஸ் தைக்கிறவள், கோப்பை கீப்பை எதுவும் வாங்கியதில்லை. ஆட்டம் கற்றுக்கொண்டது தாய்மாமாவிடம். வடசென்னையில் எங்கள் தெருமுனையில் தகர ஷீட் போட்ட மன்றம் ஒன்று இருந்தது. பொழுது சாய்ந்தால் போர்டுக்கு மேலே தொங்கும் பல்பு எரியும், அதைச் சுற்றிப் பத்துத் தலைகள் தெரியும். மாமாவைச் சாப்பிடக் கூப்பிடுகிற சாக்கில் நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். பெண்பிள்ளைகள் உள்ளே போகிற வழக்கம் அப்போது எங்கள் தெருவில் கிடையாது. ஒருநாள் மன்றத்தில் வேண்டாம் என்று ஒதுக்கிய போர்டு ஒன்றை மாமா தலையில் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் வீட்டுக்குள் இறக்கினார். "நின்னு பார்த்தா கால்தான் வலிக்கும். உட்கார்ந்து ஆடு" என்றார். முதல் வாரம் முழுக்க அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "அடிக்கிறது கடைசி வேலைம்மா. வைக்கிறதுதான் ஆட்டம்."

அது புரிய எனக்கு இரண்டு வருஷம் ஆனது. உங்களுக்குக் கொஞ்சம் சீக்கிரம் புரியட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

போர்டும் வெளிச்சமும்

புதிதாக வாங்குவதென்றால் பெரிய போர்டாக வாங்குங்கள். போட்டிகளில் வைக்கிற போர்டில் காய் ஓடும் பரப்பு 74 சென்டிமீட்டர் சதுரம். பிறந்தநாள் பரிசாக வருகிற குட்டி போர்டில் பழகிய கை பெரிய போர்டில் உட்கார்ந்தால் திணறும், எதை அடித்தாலும் பாதி வழியில் நின்றுபோகும். பலகை 8 மில்லிமீட்டர் கனத்துக்குக் குறையக் கூடாது என்பது விதி. அதைவிட மெல்லிசாக இருந்தால் ஒரு மழைக்காலத்தில் அப்பளம் போல வளைந்துவிடும்.

கடையில் நிற்கும்போதே ஸ்ட்ரைக்கரை, அதாவது காய்களை அடிக்கிற அந்தப் பெரிய வட்டை, வைத்து ஓங்கி ஒரு அடி அடித்துப் பாருங்கள். எதிர்க்கட்டையில் பட்டு உங்கள் பக்கம் வந்து, உங்கள் கட்டையில் பட்டு மறுபடி எதிர்ப்பக்கம் போக வேண்டும். நடுவிலேயே செத்துப்போனால் சுற்றியிருக்கும் கட்டை நல்ல மரம் இல்லை, கீழே வைத்துவிட்டு வாருங்கள்.

வீட்டில் ஸ்டாண்ட் இல்லையென்றால் ஸ்டூலோ டிரம்மோ எதுவும் சரி. உட்கார்ந்தால் போர்டு உங்கள் வயிற்றுக்கு நேராக வர வேண்டும். மட்டம் மட்டும் முக்கியம். ஒரு காயை நாலு பக்கமும் மெதுவாகத் தள்ளிவிட்டு, நிற்கப்போகும் நேரத்தில் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். அந்தக் காலுக்குக் கீழே எதையாவது மடித்து வையுங்கள். நான் காலருக்கு வைக்கிற பக்ரம் துண்டு வைப்பேன். பல்பு போர்டுக்கு நேர் மேலே தொங்கட்டும். பக்கவாட்டில் டியூப்லைட் இருந்தால் ஒவ்வொரு காய்க்கும் நிழல் விழுந்து, காய் இருக்கிற இடத்தைவிடக் கொஞ்சம் தள்ளி இருப்பது போலத் தெரியும்.

விரல்

பெயரில்தான் சுண்டு இருக்கிறதே தவிர, சுண்டுவிரலுக்கு இங்கே சுண்டும் வேலை இல்லை. அதுவும் மோதிர விரலும் போர்டில் ஊன்றிக்கொண்டு கையைத் தாங்க வேண்டும். உள்ளங்கை கீழே பார்க்கட்டும். சுண்டுவது ஆள்காட்டி விரலாகவும் இருக்கலாம், நடுவிரலாகவும் இருக்கலாம். ஒரு விரலைக் கட்டைவிரலில் மாட்டி விடுவது ஒரு வகை. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்று, கத்தரி மூடுவது போல ஒன்று நழுவி வந்து அடிப்பது இன்னொரு வகை. மாமா கத்தரி ஆட்டம். ஊசி குத்திக் குத்தி என் நடுவிரல் நுனி மரத்துப்போனது, எனக்கு ஆள்காட்டி விரல்தான். பக்கவாட்டில் சிக்கிய காய்களுக்குக் கட்டைவிரலால் அடிக்கிறவர்களும் இருக்கிறார்கள், போட்டியிலும் அதற்குத் தடை இல்லை. எந்த விரல் என்பதை உங்கள் கையே ஒரு வாரத்தில் சொல்லிவிடும், அதற்கு மேல் யோசிக்காதீர்கள்.

யோசிக்க வேண்டியது வேறு. புதிதாக ஆடுகிறவர்கள் விரலை ஸ்ட்ரைக்கரிலிருந்து ஒரு அங்குலம் தள்ளி வைத்துக்கொண்டு, தூரத்திலிருந்து ஓடிவந்து மோதுவது போல அடிப்பார்கள். நகம் வலிக்கும், ஸ்ட்ரைக்கர் கோணலாகப் போகும். விரல் ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்க வேண்டும், நடுவே ஒரு காகிதம் நுழைகிற இடைவெளி. அங்கிருந்து விடுவியுங்கள். ஆனால் தள்ளக் கூடாது. ஸ்ட்ரைக்கர் கிளம்பிய பிறகும் விரல் கூடவே போனால் அது தள்ளல், எதிரில் இருப்பவர் சும்மா இருக்க மாட்டார். நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். முதல் நாலைந்து நாள் விரல் நுனி சிவந்து வலிக்கும், அப்புறம் பழகிவிடும்.

அக்கா மகள் அடித்தபோது தோள்பட்டை வரை இறுகியிருந்தது. என் மாமா சொன்னதையே அவளுக்கும் சொன்னேன்: "கையில கம்பியா வெச்சிருக்க? தளர விடு." மணிக்கட்டு அசையக் கூடாது, முழங்கை அசையக் கூடாது. அசைவது விரல் மட்டும்தான்.

முதல் மூன்று நாள் அவளுக்கு நான் காயே கொடுக்கவில்லை, வெறும் ஸ்ட்ரைக்கர்தான். உங்கள் பக்கத்துக் கோட்டில் வைத்து எதிர்க்கட்டைக்கு நேராக அடியுங்கள். திரும்பி வரும் ஸ்ட்ரைக்கர் புறப்பட்ட இடத்துக்கே வந்தால் உங்கள் விரல் நேராக இருக்கிறது. இடது பக்கமோ வலது பக்கமோ ஒதுங்கி வந்தால் விரல் ஸ்ட்ரைக்கரின் நடுவில் படவில்லை. ஒரு நாளைக்கு ஐம்பது தடவை. போரடிக்கும்தான், அவளும் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டாள். மூன்றாம் நாள் சாயங்காலம் தொடர்ச்சியாக ஆறு தடவை புறப்பட்ட இடத்துக்கே வந்தது. என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, ஸ்ட்ரைக்கரைப் பார்த்துச் சிரித்தாள்.

இதே பயிற்சியில் வேகத்தையும் பழகலாம். போர்டின் நடுவில் நிற்கிற மாதிரி ஒரு அடி, எதிர்க்கட்டையைத் தொட்டும் தொடாமல் நிற்கிற மாதிரி ஒன்று, திரும்பி வந்து உங்கள் கோட்டில் நிற்கிற மாதிரி ஒன்று. இந்த மூன்று வேகம் கைவசம் இருந்தால் முக்கால்வாசி ஆட்டத்துக்குப் போதும். நாலாவது வேகம் ஒன்று இருக்கிறது, ஜன்னல் கண்ணாடி உடைகிற வேகம். அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நூல்

இனி காய். இங்கேதான் மாமா சொன்ன "வைக்கிறது" வருகிறது.

காய் எங்கே கிடக்கிறது, எந்தக் குழியில் போடப்போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். குழியின் நடுவிலிருந்து காயின் நடு வழியாக ஒரு கோடு இழுத்து உங்கள் பக்கம் நீட்டுங்கள். நான் மனசில் இழுக்கச் சொல்லவில்லை, நிஜமாகவே இழுக்கச் சொல்கிறேன். நூல்கண்டிலிருந்து இரண்டு முழம் கறுப்பு நூல் எடுத்து, ஒரு நுனியைக் குழிக்கு மேல் அக்கா மகளைப் பிடிக்கச் சொன்னேன். நூல் காயின் நடுவே போகிற மாதிரி இழுத்து வந்து என் பக்கத்துக் கோட்டில் வைத்தேன். நூல் கோட்டை வெட்டுகிற இடம்தான் ஸ்ட்ரைக்கர் வைக்க வேண்டிய இடம். அங்கே வைத்து நூல் போன வழியே அடித்தால் காய் குழிக்குப் போவதைத் தவிர வேறு வழியில்லை. "நூல் பிடிச்ச மாதிரி" என்று நாம் சும்மாவா சொல்கிறோம்.

ஆனால் நூல் எப்போதும் கோட்டில் வந்து விழாது. நாம் ஸ்ட்ரைக்கர் வைக்கிற கோடு மொத்தமே 47 சென்டிமீட்டர் நீளம். நூல் அதற்கு வெளியே போனால் காயை ஓரத்தில் தொட்டுத் திருப்ப வேண்டும். இதுதான் கட். புதிதாக வருகிறவர்கள் கண்ணால் குத்துமதிப்பாக அடித்துப் பத்தில் எட்டைத் தவறவிடுவது இந்த இடத்தில்.

அதற்கு நான் ஒரு அட்டை வைத்திருக்கிறேன். கழுத்து வடிவம் வெட்டுகிற அட்டையில் ஸ்ட்ரைக்கரின் அளவுக்கு ஒரு வட்டம் வெட்டி, நடுவில் ஒரு புள்ளி வைத்தது. பொய் ஸ்ட்ரைக்கர் என்று அதற்குப் பெயர். நூலை முன்பு போலவே குழியிலிருந்து காய் வழியாகப் பிடியுங்கள். காய்க்குப் பின்னால், காயைத் தொட்டபடி, புள்ளி நூலின் கீழே வருகிற மாதிரி அட்டையை வையுங்கள். காயை மோதும் நொடியில் நிஜ ஸ்ட்ரைக்கர் இருக்க வேண்டிய இடம் அதுதான். இப்போது நூலை எடுத்துவிடலாம். கோட்டில் எங்கே வேண்டுமானாலும் ஸ்ட்ரைக்கரை வைத்து, அந்த அட்டை மேல் போய் உட்காருகிற மாதிரி குறி பாருங்கள். அட்டையை எடுத்துவிட்டு, இடத்தை மட்டும் கண்ணில் வைத்துக்கொண்டு அடியுங்கள்.

முதல் தடவை செய்து பார்த்தபோது அக்கா மகள் நம்பவில்லை. "சித்தி, நான் காயைப் பார்க்கவே இல்ல, அது தானா போயிடுச்சு." ஆமாம், அப்படித்தான். காயைப் பார்த்து அடித்தால் ஸ்ட்ரைக்கரின் நடு காயின் நடுவை நோக்கிப் போகும், கட் ஆகாது. பார்க்க வேண்டியது காய்க்குப் பக்கத்தில் இருக்கிற காலி இடத்தை.

இரண்டு வாரம் நூலும் அட்டையும் வைத்துப் பழகுங்கள். அதன்பின் அவை இல்லாமலே கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும்.

வைக்கும்போது இரண்டு விதிகள். உங்கள் பக்கம் ஜோடியாக ஓடுகிற இரண்டு கோடுகளையும் ஸ்ட்ரைக்கர் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். கோட்டின் இரு முனையிலும் இருக்கிற சிவப்பு வட்டத்தை முழுதாக மூடி வைக்கலாம், அல்லது அதைத் தொடாமல் வைக்கலாம். பாதி மூடி வைப்பது தப்பு. அதேபோல நாற்காலியை நகர்த்துவதோ, எழுந்து குனிந்து அடிப்பதோ கூடாது. முழங்கையும் மூலைக் கோடுகளைத் தாண்டி உள்ளே வரக் கூடாது. எதிர்ப்பக்கம் எட்டவில்லை என்றால் எட்டவில்லைதான்.

ஸ்ட்ரைக்கர் ஏன் கூடவே விழுகிறது

கோலி ஆடியிருப்பீர்கள். ஒரு கோலி இன்னொன்றை நேராக மோதினால் அடிபட்டது ஓடும், அடித்தது அங்கேயே நின்றுவிடும். இரண்டும் ஒரே எடை என்பதால் அப்படி. கேரமில் காய் ஐந்து, ஐந்தரை கிராம். ஸ்ட்ரைக்கர் 15 கிராம் வரை இருக்கலாம், கிட்டத்தட்ட மூன்று மடங்கு. அதனால் நேராக மோதினாலும் ஸ்ட்ரைக்கர் நிற்காது, வேகம் குறைந்து காயின் பின்னாலேயே போகும். குழியின் அகலம் சுமார் 4.45 சென்டிமீட்டர், ஸ்ட்ரைக்கர் அதிகபட்சம் 4.13. அதாவது மூன்று மில்லிமீட்டர் இடம் இருக்கிறது, தாராளமாக விழும்.

ஆக, குழி வாயில் நேராக உட்கார்ந்திருக்கிற காய்தான் இருப்பதிலேயே ஆபத்தான காய். "இது ஈஸி" என்று நினைத்து ஓங்கி அடித்தால் காயும் போகும், ஸ்ட்ரைக்கரும் போகும். அப்படிப்பட்ட காயை மெதுவாக, நடுவிலிருந்து ஒரு நூல் அளவு தள்ளித் தொடுங்கள். காய்க்குக் குழியில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் சலுகை இருக்கிறது, விழுந்துவிடும். ஸ்ட்ரைக்கர் ஓரம் பட்டதால் திசை மாறிக் கட்டையில் முட்டி நிற்கும்.

ஸ்ட்ரைக்கர் விழுந்தால் தண்டனையாக நீங்கள் ஏற்கெனவே போட்ட காய் ஒன்றைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், எதிராளி அதை நடுவட்டத்துக்குள் வைப்பார். எங்கள் தெருவில் இதற்கு ஃபைன் என்று பெயர். உங்கள் காயோடு சேர்ந்து ஸ்ட்ரைக்கரும் விழுந்தால் விழுந்த காயும் வெளியே வரும், கூடவே ஒரு ஃபைனும் வரும். ஒரே அடியில் இரண்டு காய் போர்டுக்குத் திரும்பிவிடும். ஆனால் ஆட்டம் மட்டும் உங்களிடமே இருக்கும்.

கட்டையில் பட்டு வருவது

உங்கள் மடிப்பக்கம் ஒட்டிக்கிடக்கிற காயை டபுள் அடித்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும்: ஸ்ட்ரைக்கர் எதிர்க்கட்டைக்குப் போய்த் திரும்பி வந்து காயைத் தொட வேண்டும். போகிற சாய்வும் வருகிற சாய்வும் ஒன்றாக இருக்கும், அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரைக்கர் இருக்கும் இடத்துக்கும் போய்ச் சேர வேண்டிய இடத்துக்கும் குறுக்காக 20 சென்டிமீட்டர் என்றால், எதிர்க்கட்டையில் 10 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிற இடத்தில் அடிக்க வேண்டும். காய் கோட்டுக்குப் பின்னால் கட்டையோரமாக இருந்தால் அந்த இடத்தைக் கொஞ்சம் உங்கள் ஸ்ட்ரைக்கர் பக்கம் இழுத்துக்கொள்ளுங்கள். டேப் பிடித்து அளந்து பழகினேன், வெட்கப்பட ஒன்றுமில்லை. இதற்கும் அதிகம் ஓங்க வேண்டாம். ஓங்கினால் கட்டை உங்கள் கணக்கை மாற்றிவிடும்.

விதிகள், சுருக்கமாக

வெள்ளை 9, கறுப்பு 9, சிவப்பு 1. சிவப்பை நடுவில் வைத்து, சுற்றிலும் ஆறு காய்களை வெள்ளை கறுப்பாக மாற்றி மாற்றி வைத்து, வெளியே பன்னிரண்டையும் அதேபோல அடுக்குங்கள். உள்வட்டத்து வெள்ளைக்கு நேராக வெளியிலும் வெள்ளை வந்து ஒய் எழுத்து தெரிய வேண்டும். முதலில் உடைக்கிறவருக்கு வெள்ளை. உங்கள் காய் விழுந்துகொண்டே இருக்கும் வரை ஆட்டம் உங்களுடையது.

சிவப்பை எங்கள் பக்கம் ரெட் என்போம். உங்கள் காய் ஒன்றாவது போட்ட பிறகுதான் அதைத் தொடலாம். ரெட் போட்டதும் அடுத்த அடியிலேயே உங்கள் காய் ஒன்றைப் போட வேண்டும், அதுதான் ஃபாலோ. ஃபாலோ விழாவிட்டால் ரெட் நடுவுக்குத் திரும்பும். தன் காய் எல்லாவற்றையும் முதலில் முடித்தவர் அந்தச் சுற்றை ஜெயிக்கிறார், ஒரு சுற்றுக்கும் போர்டு என்றுதான் பெயர். எதிராளிக்கு மிச்சமிருக்கும் ஒவ்வொரு காய்க்கும் ஒரு பாயிண்ட். ரெட்டும் ஜெயித்தவரே எடுத்திருந்தால் அதற்கு 3 பாயிண்ட், தோற்றவர் எடுத்திருந்தால் யாருக்கும் இல்லை. 25 பாயிண்ட் அல்லது 8 போர்டு, எது முதலில் வருகிறதோ அதோடு ஒரு கேம் முடியும். 22 பாயிண்டைத் தொட்டுவிட்டால் அதற்கு மேல் ரெட்டுக்குப் பாயிண்ட் கிடையாது. ரெட் இன்னும் விழாமல் இருக்கும்போது உங்கள் கடைசிக் காயைப் போட்டுவிட்டால் போர்டு போச்சு, எதிராளியின் கடைசிக் காயைப் போட்டாலும் போச்சு. நாலு பேர் ஆடினால் கூட்டாளி எதிரே உட்காருவார், முறை வலது பக்கமாகச் சுற்றும்.

வீட்டில் கறுப்புக்கு 10, வெள்ளைக்கு 20, ரெட்டுக்கு 50 என்று பாயிண்ட் எண்ணி ஆடுவது வேறு ஆட்டம். சின்னப் பிள்ளைகளுக்கு நல்ல ஆட்டம்தான், ஆனால் எந்தக் காயையும் அடிக்கலாம் என்பதால் எதை விட வேண்டும் என்று அது கற்றுத்தராது.

உடைப்பதும் விடுவதும்

உடைக்கிற அடியைப் பற்றி எல்லோருக்கும் ஒரு சினிமா ஆசை இருக்கிறது. இடி விழுந்த மாதிரி பத்தொன்பது காயும் சிதற வேண்டும். நானும் பதினாறு வயதில் அப்படி ஒரு அடி அடித்து, ஸ்ட்ரைக்கர் கட்டையைத் தாண்டிப் பறந்து போய் அம்மா ஊறப்போட்டிருந்த புளித் தண்ணீரில் விழுந்தது. மாமா ஒன்றும் சொல்லாமல் எடுத்துத் துடைத்துக் கொடுத்தார். சிதறடித்தால் எதிராளிக்கும் சேர்த்துத்தான் வழி திறக்கிறீர்கள். அடுக்கின் ஓரத்தில் இருக்கும் உங்கள் வெள்ளை ஒன்றை ஒரு குழிக்குக் குறிவைத்து, அது போகிற வேகத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக அடியுங்கள். ஒன்று விழுந்தாலும் போதும், ஆட்டம் உங்கள் கையிலேயே இருக்கும்.

அதற்குப் பிறகு எதை அடிப்பது என்பதில்தான் ஆள் யாரென்று தெரியும். புதியவர் குழி வாயில் இருக்கும் காயை உடனே போட்டுவிடுவார், கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போய்விடுமோ என்று. அது எங்கேயும் ஓடாது. அந்தக் குழியை எதிராளி சுலபமாகப் பயன்படுத்த முடியாதபடி அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அவர் காய் அந்தப் பக்கம் போனால் உங்கள் காயையும் சேர்த்துத் தள்ளிவிடும். அதைவிட, ரெட் போடுகிறபோது அதுதான் உங்கள் ஃபாலோ. ஆக, கஷ்டமான காயை முதலில் எடுங்கள், சுலபமானதில் ஒன்றைச் சேமித்து வையுங்கள். ரெட்டை எப்போது எடுப்பது? ஃபாலோ எங்கே இருக்கிறது என்று விரல் நீட்டிக் காட்ட முடிந்தால் எடுங்கள், காட்ட முடியாவிட்டால் விடுங்கள்.

எதையும் போட வழியில்லை என்றால் சும்மா ஒரு அடி அடித்து முறையை வீணாக்காதீர்கள். உங்கள் காய் ஒன்றைக் குழிப்பக்கம் நகர்த்துங்கள், அல்லது எதிராளியின் காயைக் கட்டையோரம் ஒதுக்குங்கள்.

மாமாவுக்கு மரிய இருதயத்தின் ஆட்டம் என்றால் உயிர். 1991-லும் 1995-லும் உலக சாம்பியன், அர்ஜுனா விருது வாங்கியவர், நம் சென்னைக்காரர். சர்வதேச கேரம் கூட்டமைப்பே 1988-ல் சென்னையில்தான் தொடங்கப்பட்டது என்பதை ஏதோ எங்கள் தெருவில் நடந்த விஷயம் போல மாமா சொல்லுவார். அக்கா மகளுக்கு வேறு ஆள். 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய வடசென்னைப் பெண் காசிமாவின் வீடியோக்களை என் போனில் ஓட்டிக்கொண்டே இருக்கிறாள். பார்க்கட்டும். ஆனால் விழுகிற காயைப் பார்க்காமல், அடிப்பதற்கு முன்னால் ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் எப்படி அங்கும் இங்கும் நகர்த்துகிறார்கள் என்று பார்க்கச் சொன்னேன்.

தனியாகப் பழகுவது

எதிராளி இல்லாவிட்டால் இன்னும் நல்லது. ஒன்பது வெள்ளையைப் போர்டில் தூவிவிட்டு, எத்தனை அடியில் முடிக்கிறீர்கள் என்று எண்ணுங்கள். என் அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அக்கா மகளுக்கு ஒரு பத்தி ஒதுக்கிக் கொடுத்தேன். முதல் நாள் 41, அடுத்த நாள் 38, ஒரு வாரம் கழித்து 29. நேற்று 19. மேல் பக்கத்தில் யாரோ ஒரு அம்மாவின் தோள் அளவு, கீழே இவளுடைய கேரம் கணக்கு. ஃபைன் விழுந்த நாட்களில் எண்ணுக்குப் பக்கத்தில் தானே ஒரு புள்ளி வைத்துக்கொள்கிறாள். நான் சொல்லவில்லை.

ஒரு நாளைக்கு அரை மணி நேரம் போதும். விரல் வலித்தால் நிறுத்துங்கள். வலியோடு அடித்தால் வலிக்காத மாதிரி கையைத் திருப்பிக்கொள்வீர்கள், அப்புறம் அந்தக் கோணல் போகவே போகாது.

முடித்ததும் பவுடரைத் துடைத்துவிட்டு, போர்டைச் சுவரில் ஆணி அடித்து மாட்டுங்கள், இல்லையென்றால் தட்டையாகப் படுக்க வையுங்கள். ஈரச் சுவரில் சாய்த்து வைத்துத்தான் மாமா கொடுத்த முதல் போர்டை நான் கெடுத்தேன். காய்களை எண்ணி டப்பாவில் போடுங்கள், ஸ்ட்ரைக்கரோடு சேர்த்து இருபது இருக்க வேண்டும். போன வாரம் எங்களுக்குப் பத்தொன்பதுதான் வந்தது. வீடு முழுக்கத் தேடியும் ரெட் கிடைக்கவில்லை. மறுநாள் ஒரு கஸ்டமர் வந்து தன் பட்டு ப்ளவுஸை உதறிப் பார்த்தபோது, மடிப்பிலிருந்து ரெட் டக்கென்று தரையில் விழுந்து உருண்டது.

"சித்தி, ஃபாலோ!" என்று உள்ளிருந்து குரல் வந்தது.